டெக்கில் ஒரு பியர் பெட்டி: ஒரு மழைக்காலமும் ஒரு ஏப்ரல் சீசனும் பாவித்த பிறகு

"இந்தக் குளிருக்கு ஐஸ்பெட்டி எதுக்குத் தம்பி, பெரலை வெளியில வச்சாலே போதுமே?" பலகை வேலைக்கு வந்த பாஸ் முதல் நாளே இப்படித்தான் கேட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். நுவரெலியாவில் நல்ல வெயில் அடித்தாலும் 20 பாகை, அவ்வளவுதான். ஆனால் குழாய் பியருக்கு 3, 4 பாகை வேண்டும். 15 பாகையில் நிற்கிற பெரலில் குழாயைத் திறந்தால் கிளாஸ் நிறைய நுரைதான் வரும், அதை ஒரு கல்யாணப் பார்ட்டியில் எல்லார் முன்னாலும் பட்டுத் தெளிந்த பிறகுதான், பெரலைக் குளிராக வைத்துக் குழாயால் ஊற்றுகிற இந்தப் பெட்டியைச் செய்யும் வேலையில் இறங்கினோம்.

நான் இருப்பது லைசன்ஸ் உள்ள ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில். தேயிலை மலையைப் பார்த்தபடி ஒரு மர டெக் இருக்கிறது, பெட்டி அதன் மூலையில், கூரைக்குக் கீழே.

அடிப்படை, மேல்மூடி தூக்கித் திறக்கிற பழைய டீப் பிரீசர். செகண்ட் ஹேண்ட் கடையொன்றில் புதிதின் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு எடுத்தது. "ஒரு பிரச்சினையும் இல்ல" என்று சொல்லித்தான் தந்தார்கள். கொண்டுவந்து இறக்கிப் பார்த்தால் மூடி ரப்பர் பின்பக்கம் கிழிந்து, அதன்மேல் சிலிகன் பூசி மறைத்திருக்கிறது. கேட்டதற்குப் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். நீங்கள் வாங்கப் போனால் ஒரு நூறு ரூபாய்த் தாளை மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் வைத்து மூடி, சுற்றிவர இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் சும்மா வழுக்கிக்கொண்டு வருகிறதோ அந்த இடத்தில் ரப்பர் போய்விட்டது.

பாஸின் வேலைக்கு முழு மார்க். பிரீசரின் சுவரில் துளை போடவே கூடாது, குளிராக்கும் பைப் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது, துரப்பணம் அதில் பட்டால் பெட்டி பழைய இரும்புக் கடைக்குத்தான். அதனால் கிராண்டிஸ் (ஒருவகை யூகலிப்டஸ்) பலகையில் ஒரு சட்டம் அடித்து, பிரீசர் உடம்புக்கும் மூடிக்கும் நடுவில் ஏற்றி, உள்பக்கம் ரெஜிபோம் (குளிரைத் தடுத்து வைக்கிற வெள்ளை நுரைத் தகடு) ஒட்டி, குழாய்க்கான துளையை அந்தப் பலகையில் போட்டோம். மழைக்காலம் முழுக்கச் சாரல் அடித்தும் மூலைப் பொருத்து ஒன்றுகூட விலகவில்லை.

பிரீசர் தன் பாட்டில் ஓடினால் பியர் உறைந்துவிடும், ஆகவே வெளியில் குளிரின் அளவைப் பார்த்து மோட்டரை நிறுத்தி ஓட்டுகிற ஒரு தெர்மோஸ்டாட் மாட்டி 3 பாகையில் வைத்தோம். அதன் சென்சர் வயரைச் சும்மா தொங்கவிட்டதில் மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் மோட்டர் ஓடி ஓடி நின்றது. இப்போது அது தண்ணீர் நிரப்பிய ஒரு ஜாம் போத்தலுக்குள் கிடக்கிறது, மோட்டரும் அமைதி.

அப்புறம் காஸ், அதாவது பெரலில் இருந்து பியரைத் தள்ளுகிற காபனீரொட்சைட்டு. இதில்தான் இரண்டு வாரம் மண்டை காய்ந்தது. எல்லாரும் சொல்வதுபோல அழுத்தத்தை 12 பீஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) வைத்தோம், பெரலும் நல்ல குளிர், ஆனாலும் நுரை. குழாயைக் கழற்றிக் கழுவினோம், நீளமான டியூப் மாற்றினோம், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் விளங்கியது: அந்த 12 கடல்மட்டத்துக்கான கணக்கு. கொழும்பில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பீஎஸ்ஐ, 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற எங்களுக்கு 11.7 அளவில்தான். காஸ் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும். ஆகவே இங்கே 12 வைத்தால் பெரலுக்குள் 3 குறைகிறது, பியரில் கரைந்திருக்கிற காஸ் டியூபிலேயே பிரிந்து நுரையாகிறது. 15க்கு ஏற்றினோம். அடுத்த நாள் மாலை ஊற்றிய கிளாஸில் இரண்டு விரல் நுரை, கீழே தெளிந்த பியர். பண்டாரவளையில் இருப்பவர்களுக்கு இவ்வளவு ஏற்றத் தேவைப்படாது, அது இதைவிடத் தாழ்வு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜனவரி இரவொன்றில் சிலிண்டர் மீட்டர் திடீரென்று இறங்கியிருந்தது. லீக் என்று நினைத்து டோர்ச் லைட்டும் சவர்க்கார நுரையுமாக ஒரு மணித்தியாலம் ஒவ்வொரு இணைப்பாகத் தடவினேன், ஒரு குமிழிகூட வரவில்லை. சிலிண்டருக்குள் காஸ் திரவமாகத்தான் இருக்கிறது, குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும்: 20 பாகையில் 57 பார் (இதுவும் அழுத்த அளவுதான்), 10 பாகையில் 45. காலையில் வெயில் பட்டதும் முள் தானாக ஏறிவிட்டது.

1849இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் தன் பியர் வடிசாலையைத் தொடங்கியது இதே ஊரில். அதன் வழியில் வந்த லயன் பியர் இன்றைக்குக் கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவில் இருந்து மலை ஏறி வருகிறது. ரம்பொடை வளைவுகளில் குலுங்கி வந்த பெரலை ஒரு நாள் அசைக்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் குத்தி, குழாயோடு இணையுங்கள். போயாவுக்கு (பௌர்ணமி நாள்) விற்க முடியாது, குத்திய பெரல் வீணாகுமோ என்று பயந்தேன். காஸில் ஓடுகிற பெரல் குளிரில் இருந்தால் வாரக்கணக்கில் நிற்கிறது. கைப்பம்பில் காற்றடிக்கிற ஆட்களுக்குத்தான் மறுநாளே புளித்த வாடை.

குறைகள்? மூடியைத் திறந்தால் மூடுபனியும் சேர்ந்து உள்ளே போகும்போல, அடியில் எப்போதும் ஈரம். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் பூஞ்சண நாற்றம். பெரிய குறை தூக்குவது. 50 லீட்டர் பெரல் நிரம்பினால் அறுபது கிலோவுக்கு மேல், அதை இடுப்புயர விளிம்புக்கு மேலால் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். முதல் தடவை இரண்டு பேர் தூக்கி, இரண்டு பேருக்கும் மூன்று நாள் நிமிர முடியவில்லை. இப்போது 30 லீட்டர் மட்டும் எடுக்கிறோம், அதுவும் லேசில்லை.

பெட்டிக்கு ஐந்துக்கு நாலு, பிரீசர் விற்ற கடைக்கு ஒன்று. கூரை உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டித் தரச் சொல்லிப் பாஸிடம் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை எதுக்கு என்று அவர் கேட்கவில்லை, அன்றைக்கு மறுபக்கம் பிடித்துத் தூக்கியவர் அவர்தான்.