பழைய கிணறா, புது போரா? பாறைக்காட்டுல எது தாங்கும்

பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கம் ஒரு ஏக்கரோ ரெண்டு ஏக்கரோ வாங்குறவங்களுக்கு பெரும்பாலும் நிலத்தோட ஒரு பழைய கிணறும் சேர்ந்து வரும். உள்ள சீமைக்கருவேலம் முளைச்சு, ஒரு பக்கம் கல்கட்டு சரிஞ்சு, அடில பச்சைக் கலர்ல கொஞ்சம் தண்ணி. பாத்த உடனே புரோக்கர்ல இருந்து பக்கத்துக் காட்டுக்காரர் வரைக்கும் சொல்றது ஒண்ணுதான்: "இத மூடிட்டு ஆயிரம் அடி போர் போட்டுருங்க". நான் இதுக்கு நேர் எதிர் கட்சி. மே மாசத்துலயும் அந்தக் கிணத்துல ஊத்து கசியுதுன்னா அத மூடுறது சொத்த வித்து கடன் வாங்குற வேலை. ஏன்னு சொல்றேன், போர் எங்க ஜெயிக்கும்னும் சொல்றேன், ஜெயிக்கிற இடமும் நிறைய இருக்கு.

முதல்ல கீழ என்ன இருக்குன்னு பாக்கணும். தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட நாலுல மூணு பங்கு நிலம் கெட்டிப் பாறைதான், கொங்குப் பக்கம் பெரும்பாலும் நைஸ் (gneiss), சார்னோகைட்னு சொல்ற பாறை வகை. மேல கொஞ்சம் மண்ணு, அதுக்குக் கீழ சுக்கான்னு சொல்ற சுண்ணாம்புக் கல்லு, அப்புறம் கையில எடுத்தா உதிருற மாதிரி மக்குன பாறை, அதுக்கும் கீழ கருங்கல்லு. தண்ணி நிக்கிறது அந்த மக்குன பாறையோட இடுக்குலயும் கருங்கல்லுல இருக்குற வெடிப்புலயும்தான், முழுப் பாறைக்குள்ள ஒரு சொட்டு கூட நிக்காது. பூமிக்கு அடில ஆறு ஓடுது, அத ஒரு போர் போய்த் தொட்டா போதும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை, தேங்காய் வெச்சு நீரோட்டம் பாக்குறவர் பொழைக்கிறதே அதுலதான். ஆறெல்லாம் எதுவும் கிடையாதுங்க. பழைய காரைச் சுவத்துல விழுந்த வெடிப்பு மாதிரி அங்கங்க ஓடும், சிலது ஒண்ணோட ஒண்ணு சேரும், சிலது பாதியிலயே நின்னுரும். அதுவும் ஆழம் போகப் போக மேல இருக்குற பாரத்துல வெடிப்பு இறுகிக்கிட்டே போகும். அதனாலதான் 300 அடிக்குள்ள கிடைக்காத தண்ணி 1000 அடியில கிடைக்குறது அதிர்ஷ்டக் கணக்குல போய்ச் சேருது. கிடைக்கவே கிடைக்காதுன்னு சொல்லல, ஆனா அடிக்கு இவ்வளவுன்னு பில்லு ஏறும், கீழ போகப் போக அடி ரேட்டும் கூடும், கடைசில போர் வாயில இருந்து புகை மாதிரி தூசி மட்டும் வரும்.

இப்ப கொள்ளளவு கணக்குக்கு வருவோம். 20 அடி விட்டம் உள்ள ஒரு வட்டக் கிணத்துல ஒரே ஒரு அடி தண்ணி நின்னா அது கிட்டத்தட்ட 8,900 லிட்டர். ஆறரை இஞ்ச் போர்ல ஒரு அடிக்கு ஆறரை லிட்டர்தான் நிக்கும். ஆயிரம் அடி போர் வாய் வரைக்கும் ரொம்பி நின்னாலும் 6,500 லிட்டர், அதாவது கிணத்துல முக்கால் அடி தண்ணி. கிணறு ஒரே நேரத்துல ஊத்தும் தொட்டியும், ராத்திரி பூரா சொட்டு சொட்டா ஊறுனத காலையில ஒரே மூச்சுல எடுத்துக்கலாம். போருக்கு அந்த வசதியே இல்ல, ஊறுற வேகத்துக்கு மேல மோட்டார் இழுத்தா காத்துதான் வரும், அப்புறம் மேல தனியா ஒரு தொட்டி கட்டி அதுல நிரப்பி வைக்கணும்.

ஊறுற வேகத்துலயும் நிறைய பேர் ஏமாறுறாங்க. "ரெண்டு இஞ்ச் தண்ணி கிடைச்சிருக்குங்க"ன்னு போர் போடுற ரிக் வண்டிக்காரர் சொன்னா, அது நடுவுல 90 டிகிரி வெட்டு இருக்குற தகட்டு வழியா தண்ணிய விட்டு அதோட உயரத்தப் பாத்துச் சொல்ற கணக்கு. அந்த வெட்டுல ஒரு இஞ்ச்னா மணிக்கு சுமார் 500 லிட்டர், ரெண்டு இஞ்ச்னா 1,000 கிடையாது, 2,900 கிட்ட வரும். ஒண்ணரை இஞ்ச்னா 1,400. அரை இஞ்ச் கூடக் குறையச் சொன்னாலும் கணக்கு எங்கயோ போயிரும், அதனால தகடு வெக்குறப்ப நீங்களும் கிட்ட நின்னு பாருங்க. அதுவும் கம்ப்ரசர் காத்துல தள்ளி வர்ற முதல் நாள் தண்ணி, வெடிப்புல காலங்காலமா தேங்கி நின்னதும் அதுல சேர்ந்திருக்கும், ஆறு மாசம் கழிச்சு அதே அளவு வரும்னு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

இத கிணத்தோட ஒப்பிட ஒரு சுலபமான வழி இருக்கு. மே மாசம் மோட்டார் போட்டு கிணத்த இறைச்சுட்டு, ஒரு கயித்துல முடிச்சு போட்டு மணிக்கு எத்தனை இஞ்ச் ஏறுதுன்னு பாருங்க. 20 அடி விட்டத்துல மணிக்கு நாலு இஞ்ச் ஏறுச்சுன்னா அது கிட்டத்தட்ட ரெண்டு இஞ்ச் போருக்குச் சமம். முதல் ஒரு மணி நேரத்த மட்டும் நம்பாதீங்க, மட்டம் கீழ இருக்கும்போது வேகமா ஊறும், ஏற ஏற குறையும், ஒரு ராத்திரி பூரா விட்டுக் கணக்குப் போடுங்க. மண்ணு தூர்ந்து ஊத்துக்கண்ணு அடைஞ்ச கிணறா இருந்தா முதல்ல தூர் வாரிட்டு அளக்கணும், இல்லன்னா நல்ல கிணத்தக் கெட்டதுன்னு சொல்லிருவீங்க.

சரி, போர் எங்க ஜெயிக்குது? இடம்தான் முதல். அஞ்சு சென்ட் வீட்டு மனைல கிணறு வெட்ட முடியாது. ஒரே ராத்திரில வேலை முடியும், திருச்செங்கோட்டு ரிக் வந்தா விடியுறதுக்குள்ள 800 அடி இறங்கிருவான். சுத்தி எல்லாரும் ஆழமா போட்டு மேல்மட்டம் வறண்டுபோன ஊர்ல கிணறு வெறும் பள்ளம்தான், அங்க போர விட்டா வழியில்ல. ஆனா இதுலயே ஒரு கூத்து இருக்கு, பாருங்க. கிணத்துத் தண்ணி வேற, போர் தண்ணி வேறன்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க. பெரும்பாலும் ரெண்டும் ஒரே மழைத் தண்ணிதான், மேல மக்குன பாறைல தேங்குறது வெடிப்பு வழியா மெதுவா கீழ இறங்கி போருக்குப் போகுது. பத்துப் பேர் 800 அடில இழுத்தா பதினோராவது ஆளோட 80 அடி கிணறு வத்தும். அவர் அடுத்த வருஷம் 900 அடி போடுவார். இந்தப் போட்டிக்கு மழை ஈடு குடுக்கணும், ஆனா பாறைக்காட்டுல பெய்யுற மழைல பத்துல ஒரு பங்கு உள்ள இறங்குனாலே பெரிய விஷயம்.

கரண்ட்டையும் சேத்துக்கோங்க. 800 அடில இருந்து ஆயிரம் லிட்டர் மேல ஏத்த, மோட்டாரும் பைப்பும் தின்னது போக, ஒண்ணரை யூனிட்டுக்கு மேல ஆகும். 60 அடி கிணத்துல அதே ஆயிரம் லிட்டருக்கு கால் யூனிட் கூட வேண்டாம். விவசாய இணைப்புல கரண்ட் இலவசம்கிறதால இது யார் கண்ணுலயும் படுறதில்ல, வீட்டு இணைப்புல போட்டவங்களுக்குத்தான் தெரியும்.

நடுவுல மூணாவது வழி ஒண்ணு இருக்கு, என் ஓட்டு அதுக்குத்தான்: கிணத்துக்குள்ள சைடு போர். கிணத்து அடில மிஷின இறக்கி பக்கவாட்டுல நூறு அடி, நூத்தம்பது அடி துளைக்கிறது. நெட்டுக்குத்தலா இருக்குற வெடிப்ப நேரா கீழ போற போர் தொடாமலே தாண்டிப் போயிரலாம், படுக்கையா போற துளை அத குறுக்க வெட்டும். கிணறு தொட்டியா இருக்கும், சைடு போர் ஊத்தக் கூட்டும். ஆனா எந்தப் பக்கம் துளைக்கிறதுன்னு முன்னாடி ஊத்து எந்தப் பக்கம் கசிஞ்சதோ அதப் பாத்து முடிவு பண்ணுங்க, கிணத்து வயசு தெரிஞ்ச பெரியவர் யாராவது ஊர்ல இருப்பார், அவரைக் கேளுங்க. நாலு கம்பிய நட்டு கரண்ட் விட்டுப் பாக்குற ரெசிஸ்டிவிட்டி சர்வே, மக்குன பாறை எவ்வளவு ஆழம்னு ஓரளவு சரியாவே சொல்லும், வெடிப்பு இருக்குன்னு கேரண்டி தராது.

தரத்துல ரெண்டுக்கும் வேற வேற வியாதி. கிணறு திறந்து கிடக்கும், பக்கத்துல மாட்டுத்தொழுவம், செப்டிக் டேங்க், யூரியா போட்ட வயல் எல்லாம் இருந்தா கிருமியும் நைட்ரேட்டும் வரும். கிருமிக்கு கொதிக்க வெச்சா போதும். நைட்ரேட்டுக்கு அது உதவாது, தண்ணி ஆவியாகி இன்னும் கெட்டியாத்தான் ஆகும், குடிநீருக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. ஆழமான போர்ல தண்ணி பாறையோட ரொம்ப வருஷம் ஒட்டி இருக்குறதால உப்பும் ஃப்ளோரைடும் ஏறும். தர்மபுரி, கிருஷ்ணகிரில பல்லு காவி ஏறுறதும் எலும்பு வளையுறதும் இதனாலதான், அதுக்காகவே காவிரித் தண்ணி கொண்டுவர்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்துச்சு. இந்தியத் தரப்படி ஃப்ளோரைடு 1 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற வழி இல்லன்னா 1.5. வீட்டுல வெச்சிருக்கிற டிடிஎஸ் மீட்டர் கரைஞ்ச உப்ப மொத்தமாத்தான் காட்டும், ஃப்ளோரைட தனியா காட்டாது, கிருமியையும் காட்டாது, 400னு நம்பர் வந்தா நல்ல தண்ணின்னு நிம்மதியா குடிக்கிறது பெரிய கோளாறு. லேப்ல குடுத்துப் பாருங்க, மழைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை.

இவ்வளவும் பாறைக்காட்டுக்கு. மணல் பூமிக்குப் போனா தீர்ப்பு மாறிடும். காவிரி டெல்டால மணலும் களிமண்ணும் அடுக்கடுக்கா இருக்கு, களிமண்ணுக்குக் கீழ மாட்டுன மணல்ல தண்ணி அழுத்தத்தோட இருக்கும், துளைச்சா தானா மேல ஏறும், அங்க குழாய்க் கிணறுதான் ராஜா. நெய்வேலில நிலக்கரிக்குக் கீழ இருக்குற அந்த அழுத்தத்தக் குறைக்கிறதுக்கே சுரங்கத்துல ஓயாம பம்ப் ஓடுது. சென்னைக் கடற்கரைல திரும்பவும் கிணறுதான் சரி, பெசன்ட் நகர் மாதிரி இடத்துல மணல்ல மழைத் தண்ணி மேலாப்ல மிதக்குது, கடல் மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் உப்பத் தள்ளி வைக்கும்னு ஒரு கணக்கு உண்டு. அதையே திருப்பிப் படிச்சா, மேல ஒரு மீட்டர் இறைச்சா கீழ இருந்து உப்பு 40 மீட்டர் ஏறும். மீஞ்சூர் பக்கம் பல வருஷம் உறிஞ்சுனதுல கடல் கிலோமீட்டர் கணக்குல உள்ள வந்துருச்சு.

எல்லாம் பாத்துட்டு போர்தான்னு முடிவு பண்ணுனா மேல்மண்ணு சரியாம இருக்க இறக்குற கேசிங் பைப்ப கெட்டிப் பாறைல நல்லா உக்கார வைங்க, அங்க கஞ்சத்தனம் பண்ணுனா மேல்மண்ணும் சாக்கடையும் உள்ள இறங்கும். எத்தனை அடில நிறுத்துறதுன்னு ரிக் வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு "இன்னும் நூறு அடி பாத்துரலாங்க"ன்னு கேக்கும்போது முடிவு எடுக்காதீங்க. தண்ணி வரலன்னா அன்னிக்கே குழிய மண்ணு போட்டு நிரப்பி மூடுங்க, சாக்கு கட்டி வைக்கிறதெல்லாம் வேண்டாம். 2019ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டில போர்க்குழில விழுந்து ஒரு குழந்தை செத்துப்போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.