‘டெஸ்டிங் போய்ட்டிருக்குங்ணா’ என்று இழுத்தால் காலண்டரைப் பாருங்கள்

கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், என்னையும் சேர்த்து நான்கு பேர். கிரைண்டர் உதிரிபாகங்கள்தான் பிழைப்பு. ரிப்பேருக்கு வரும் வெட் கிரைண்டர்களில் பாதிக்கு மேல் ஒரே கோளாறுதான்: மாவுத் தண்ணீர் ஷாஃப்ட் வழியாகக் கசிந்து பேரிங்குக்குள் இறங்கியிருக்கும். கழற்றினால் புளித்த வாடையோடு துருப்பிடித்த குண்டுகள் கையில் உதிரும்.

இதற்காக ஒரு சீல் செய்தேன். பார்வைக்கு வழக்கமான ரப்பர் வளையம்தான். உள் விளிம்புக்குக் கீழே சாய்வாக ஒரு காடி (கோடு போன்ற பள்ளம்) இருக்கும். டிரம் சுற்றச் சுற்ற அதுவே தண்ணீரை வெளியே தள்ளிவிடும். வீட்டு கிரைண்டரில் போட்டு ஒன்றரை வருடம் கழித்துக் கழற்றிப் பார்த்தேன். பேரிங்கில் வைத்த கிரீஸ் நிறம்கூட மாறவில்லை.

2022 ஜனவரியில் இதற்குக் காப்புரிமை கேட்டு புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டேன். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய்தான். அதற்கப்புறம் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை முழுசாக விளக்கி எழுதிய ஆவணத்தை, தாக்கல் செய்ய வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தே கோட்டை விட்டேன் என்பதுதான் இந்தப் பதிவு.

மார்ச்சில் ஒரு பெரிய கிரைண்டர் கம்பெனிக்குப் போனேன். பெயர் வேண்டாம், வக்கீல் சொல்லியிருக்கிறார். காபி கொடுத்தார்கள், “இத்தனை நாள் எங்க இருந்தீங்க?” என்றார்கள். ஆறு சாம்பிள் கேட்டார்கள், கொடுத்தேன். டிராயிங் கேட்டார்கள், வாட்ஸ்அப்பில் அவர்கள் இன்ஜினியருக்கே அனுப்பினேன், அவர் சொன்ன நம்பருக்கு. சாம்பிள் கொடுத்ததற்குச் சலான் (ஒப்படைப்புச் சீட்டு) போடவில்லை, விவரத்தை வெளியே விடமாட்டோம் என்ற ரகசிய ஒப்பந்தம் எதுவும் கேட்கவில்லை. ஆர்டர் கொடுக்கப் போகிறவர்களிடம் கையெழுத்து கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று நினைத்தேன்.

அப்புறம் மாதம் ஒரு போன். ஒவ்வொரு முறையும் அதே பதில்: “டெஸ்டிங் போய்ட்டிருக்குங்ணா.” தீபாவளி முடியட்டும் என்றார்கள், பொங்கல் முடியட்டும் என்றார்கள். முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யத் தனிக் கட்டணம்கூடக் கிடையாது. எழுதித் தரக் காப்புரிமை ஏஜென்ட் கேட்ட பணம் மட்டும்தான் செலவு. ஆர்டர் வந்ததும் அதிலிருந்து கொடுத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். பொங்கல் முடிந்தது, என் 12 மாதமும் முடிந்தது. அதற்குப் பின் என் போனை யாரும் எடுக்கவில்லை.

அந்த வருடம் ஆடித் தள்ளுபடியில் ஒரு ஷோரூமில் அவர்களுடைய புது மாடலைப் பார்த்தேன். டிரம்மைத் தூக்கிவிட்டு விரலை உள்ளே விட்டேன். அதே காடி, அதே சாய்வு.

வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “உங்ககிட்ட இருந்துதான் எடுத்தாங்கன்னு எதை வச்சு நிரூபிப்பீங்க?” வாட்ஸ்அப்பைக் காட்டினேன். அந்த நம்பர் கம்பெனி நம்பரே இல்லை, வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பையனுடையதாம். அவர்கள் பொருள் சந்தைக்கு வந்துவிட்டதால், புதிதாக விண்ணப்பித்தாலும் ‘இது ஏற்கெனவே இருப்பதுதானே’ என்ற வாதம் முதலில் வந்து நிற்கும்.

காப்புரிமை கையில் இருந்தால் மட்டும் நிம்மதி என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ராபர்ட் கர்ன்ஸ் என்பவர் விட்டுவிட்டு ஓடும் கார் வைப்பரைக் கண்டுபிடித்து ஃபோர்டு கம்பெனியிடம் காட்டினார். 1967இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1969இல் ஃபோர்டு தன் காரில் அப்படி ஒரு வைப்பரைக் கொண்டுவந்தது. 1978இல் வழக்குப் போட்டார். 1990இல்தான் சுமார் 1 கோடி டாலர் கிடைத்தது. 12 வருடம்! நடுவில் குடும்பமும் உடைந்துபோனது. நம் மதுரைக்காரர் ராம்குமார், ஒன்றுக்கு மேற்பட்ட சிம் போடும் போனுக்கு 2008இல் காப்புரிமை வாங்கி, இறக்குமதியாளர்களின் சரக்கைச் சுங்கத்திலேயே நிறுத்த வைத்தார். கம்பெனிகள் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்டன, 2012இல் ரத்தாகிவிட்டது. அதில் நியாயம் யார் பக்கம் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. நாம் வழக்குப் போட்டால் எதிராளி முதலில் கை வைப்பது நம் காப்புரிமையில்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அதனால், இப்போது யாராவது உங்களை ‘டெஸ்டிங்’ என்று காக்க வைத்திருந்தால், விண்ணப்பம் போட்ட தேதியை எடுத்துப் பாருங்கள். பத்தாவது மாதம் ஆகிவிட்டால் ஆர்டரை மறந்துவிட்டு ஏஜென்டைப் பாருங்கள். நகையை அடகு வைத்தாவது முழு விவரக்குறிப்பைப் போட்டுவிடுங்கள். சாம்பிளைச் சலான் இல்லாமல் கொடுக்காதீர்கள். டிராயிங்கைக் கம்பெனி மெயிலுக்கு மட்டும் அனுப்புங்கள்.

இப்போது டிரம் பூட்டு ஒன்று செய்திருக்கிறேன். இந்த முறை முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டுத்தான் வெளியே பேசினேன். எப்படியோ கேள்விப்பட்டு அதே கம்பெனியிலிருந்து போன் வந்தது, ரெண்டே ரெண்டு சாம்பிள் வேண்டுமாம். இரண்டு பக்க ரகசிய ஒப்பந்தத்தை மெயிலில் அனுப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னேன். நான்கு மாதம் ஆகிறது, இன்னும் பதில் இல்லை.