ஜிரோகாஸ்தரில் இரண்டு வீடுகள்: எதை முதலில் பார்ப்பது?

தெற்கு அல்பேனியாவில் கூரைகளைக்கூடக் கற்பலகைகளால் வேய்ந்த ஜிரோகாஸ்தர் நகரம் 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுக் களமானது. அங்கே பழைய இல்லற வாழ்வைக் காண விரும்புவோருக்கு இனவரைவியல் அருங்காட்சியகம், ஸ்கெண்டுலி வீடு என இரு வழிகள் உண்டு.

கம்யூனிச ஆட்சியாளர் என்வர் ஹோஜா 1908-இல் பிறந்த வீடு இருந்த இடத்தில்தான் அருங்காட்சியகம் நிற்கிறது. அவ்வீடு தீயில் அழிந்தபின், மரபுவழி வீட்டின் அமைப்பில் 1966-இல் கட்டப்பட்டது இது. உடைகள், சமையல் கலங்கள், விரிப்புகள் எல்லாம் அறைவாரியாக இருப்பதால், எந்த அறை எதற்குப் பயன்பட்டது என்பது முதல்முறை வருபவருக்கும் எளிதில் விளங்கும்.

ஸ்கெண்டுலி வீடோ 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கம்யூனிச ஆட்சியில் பறிக்கப்பட்டுப் பின்னர் குடும்பத்தாரிடமே திரும்பி வந்தது. கீழ்த்தளத்தில் மழைநீரைச் சேமிக்கும் தொட்டி, குளிர்காலத்துக்கென்றும் கோடைக்காலத்துக்கென்றும் தனித்தனி அறைகள், சுவரோவியங்களும் செதுக்கிய மரக்கூரையும் கொண்ட விருந்தினர் கூடம் என ஒவ்வொன்றும் நம்மை நிறுத்தி வைக்கும். கூடத்துக்கு மேலே, மரத்தடுப்பின் மறைவிலிருந்து பெண்கள் விருந்தினரைக் கவனிக்க அமைத்த சிறு மாடத்தை மட்டும் தவறவிடக் கூடாது. ஆணும் பெண்ணும் தனித்தனியே புழங்கிய ஒரு சமூகத்தின் வாழ்க்கை முறையை எந்த விளக்கப் பலகையையும்விட அது தெளிவாகச் சொல்கிறது.

பொருள்களை அறிய அருங்காட்சியகம் போதும். ஆனால் ஒன்றுக்கு மட்டுமே நேரமிருந்தால், நான் தயங்காமல் ஸ்கெண்டுலி வீட்டையே பரிந்துரைப்பேன்.