வீட்டுப் பட்டறைக்கு 'முழு செட்' வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டில் சின்னதாகப் பட்டறை போட நினைப்பவர்களைக் குறிவைத்து 'முழு செட்' வியாபாரம் ஒன்று நடக்கிறது. பெஞ்ச் கிரைண்டர், கை கிரைண்டர், டிரில், இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் எல்லாம் சேர்த்து ஒரே விலை. கோவையில் ஒரு கடையில் இப்படி வாங்கினேன். டிரில் மட்டும்தான் சொன்னபடி ஓடுகிறது.

முதலில் போனது பெஞ்ச் கிரைண்டர். "சுத்தமான காப்பர் வைண்டிங் சார், பத்து வருசத்துக்குக் கவலையே இல்லை" என்று, அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருப்பது செம்புக் கம்பி என்று, அடித்துச் சொன்னார் கடைக்காரர். உளி தீட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே கை வைக்க முடியாத சூடு, அப்புறம் புகை. ரீவைண்டிங் கடை அண்ணன் மூடியைக் கழற்றி, கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிற வார்னிஷ், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். அலுமினிய மோட்டார் என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். அதன் மின்கடத்தல் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். அதற்கேற்பத் தடித்த கம்பி சுற்றினால் ஓடும். இதில் மெல்லிய கம்பியைச் சுற்றி, செம்பு விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

வெல்டிங் மெஷினில் '200 ஆம்ப்' என்று கொட்டை எழுத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். ராடு (வெல்டிங் குச்சி) வைத்துச் செய்யும் வெல்டிங்கில் 200 ஆம்ப் ஓட சுமார் 28 வோல்ட் வேண்டும், அதாவது 5,600 வாட். வீட்டில் இருக்கும் 16 ஆம்ப் பிளக் தருவதே சுமார் 3,700 வாட். மீதி எங்கிருந்து வரும்? வீட்டுக் கிரில், கேட் வேலைக்கு 12 கேஜ் தடிமன் ராடுதான். அதற்கு 70 முதல் 100 ஆம்ப் போதும். இந்த மெஷினில் அந்த ராடே திணறி ஒட்டிக்கொள்கிறது.

எனக்கு அதிகக் கோபம் கை கிரைண்டர் விஷயத்தில்தான். பெட்டியில் சக்கரத்தை மூடும் பாதுகாப்பு மறைப்பு (guard) இல்லை. கேட்டால், "அது வேலைக்கு இடைஞ்சல் சார், எல்லாரும் கழட்டித்தான் வைப்பாங்க" என்கிறார். கூடவே மரம் அறுக்கப் பல் வைத்த பிளேடு இலவசம்! நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் மெஷினில் அந்தப் பிளேடு மரத்தில் சிக்கினால், மெஷின் கையை மீறித் துள்ளும். விரல் போன தச்சர்களைக் கேட்டால் சொல்வார்கள். கொடுத்த கட்டிங் வீல்களின் நடு உலோக வளையத்தில் அச்சிட்டிருந்த காலாவதி தேதியும் எப்போதோ முடிந்திருந்தது. வாங்கும்போது அந்த வளையத்தைப் பாருங்கள்.

திருப்பித் தரப் போனால் பில்லைக் காட்டினார்கள். 'டூல்ஸ் செட் – 1' என்று ஒரே வரி. மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை. கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சு. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். எனவே ஒவ்வொரு மெஷினும் மாடல், சீரியல் எண்ணோடு தனி வரியாக வந்தால் மட்டும் பணத்தை எடுங்கள். 'காப்பர் வைண்டிங்' என்றால் அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்; எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, பெஞ்ச் கிரைண்டரை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் இறங்கி வந்திருக்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது; மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.