சார்ஜிங் பின் மாற்றக் கொடுத்தேன், எடுத்து வைத்த அளவுகள் போச்சு

வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். அளவு எடுத்தால் நோட்டில் எழுதுவதில்லை. அந்தந்தப் பெண்ணின் வாட்ஸ்அப் சாட்டிலேயே “உயரம் 14, தோள் 13½, கை 9” என்று போட்டு, கழுத்து டிசைனையும் அனுப்பிவிடுவேன். அவர்களும் பார்த்துச் சரி சொல்லிவிடுவார்கள், எனக்கும் தேட எளிது. மூன்று வருடமாக இதுதான் வழக்கம்.

ஆடியில் போனின் சார்ஜிங் பின் லூஸாகிவிட்டது. கேபிளை வளைத்து, மேலே துணி வெட்டும் கத்தரிக்கோலைப் பாரமாக வைத்தால்தான் சார்ஜ் ஏறும். ஆவணி முகூர்த்தத்துக்கு 30 பிளவுஸ் கையில் இருந்த நேரம். திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன்.

“பின் மட்டும் மாத்தினா நிக்காதுக்கா, சாஃப்ட்வேரும் போடணும். பேட்டர்ன் சொல்லுங்க. சிம் உள்ளேயே இருக்கட்டும், டெஸ்ட் பண்ணணும்” என்றான் கடைப் பையன்.

“உள்ள இருக்கறதெல்லாம் என்ன ஆகும்?”

“ஃபுல் பேக்கப் எடுத்துருவோம்க்கா.” அதற்கென்று பில்லில் தனியாக 500 ரூபாய். மொத்தம் 1,650.

நான் ஏமாந்தது அங்கேதான். பின் மாற்றுவது சாலிடரிங் வேலை. அதற்குச் சாஃப்ட்வேர் போட வேண்டியதில்லை, பேட்டர்னும் தேவையில்லை. கேபிளைச் செருகினால் லாக் ஸ்கிரீனிலேயே சார்ஜ் ஏறுவது தெரியும். இது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் போன் கடையில் வாங்கிய நாள் போல, மொழி கேட்டுக்கொண்டு நின்றது. கூடவே ஒரு பென் டிரைவ். அதில் கேமராவில் எடுத்த போட்டோக்களும் ஸ்கிரீன்ஷாட்களும் மட்டும். வாட்ஸ்அப் எங்கே என்றால், “அது ஜிமெயில்லேருந்து தானா வந்துரும்க்கா.” வந்தது, பங்குனி மாதம் வரை. அதற்குப் பிறகு எடுத்த அளவு ஒன்றுகூட இல்லை. பழைய சாட்டுகளிலும் பாதிப் படங்கள் திறக்கவில்லை.

இதில் என் தப்பும் இருக்கிறது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. முன்பெல்லாம் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் அந்தக் கணக்கில் சேராது, 2024-இல் அதையும் சேர்த்துவிட்டார்கள். என் 15 ஜிபி பங்குனியிலேயே நிரம்பி, பேக்கப் நின்றுபோயிருக்கிறது. இடம் இல்லை என்று கூகுளிலிருந்து வந்த மெயில்களைக் கடன் விளம்பரம் மாதிரி தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘சாட் பேக்கப்’ திறந்தால் கடைசியாக எடுத்த தேதி இருக்கும். இதைப் படிக்கும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆனால் கடைக்காரர் நினைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே வாட்ஸ்அப் தினமும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறது. ‘ஆண்ட்ராய்டு’ என்ற ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் ‘காம்.வாட்ஸ்அப்’. அதைக் காப்பி எடுத்திருந்தால் அதே நம்பரில் எல்லாம் திரும்பியிருக்கும். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர்கள் காப்பி எடுத்தது ஒரே ஒரு ஃபோல்டர்.

அடுத்து இன்னொரு கடையில் “ரெக்கவரி பண்ணித் தரேன், 6,000 ஆகும், பாதி அட்வான்ஸ்” என்றார்கள். கொடுக்கத்தான் இருந்தேன். ஐடியில் இருக்கும் தம்பி தடுத்தான். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் எல்லாமே என்கிரிப்ட் ஆகி, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டித்தான் உள்ளே இருக்குமாம். அந்தக் கடையில் செய்தது போல முழுசாக அழித்து ரீசெட் செய்தால் அதைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். பிறகு யார் தோண்டினாலும் கிடைப்பது குப்பை.

மூன்று வாரம் கழித்துச் சண்டை போட அவனையும் கூட்டிக்கொண்டு முதல் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரை முழுக்க ஃபோல்டர்கள். ஒவ்வொன்றின் பெயரும் ஒரு ஆளின் பெயரும் போன் நம்பரும். என்னுடையதும் இருந்தது. பையன் மவுஸை வைத்துக் கிளிக் செய்ததும் என் ஆதார் அட்டை, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பிளவுஸ் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் நின்று வாடிக்கையாளர்கள் அனுப்பிய படங்களில் நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தவை, வரிசையாகத் திரையில். பக்கத்தில் டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்த இரண்டு ஆண்கள். அளவு போனதைவிட அந்த நிமிடம்தான் இன்னும் உடம்பு கூசுகிறது. நின்று அழிக்கச் சொன்னேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யவைத்தேன். வேறு எங்கே காப்பி இருக்கிறதோ யாருக்குத் தெரியும்?

ஓனர், “ரிப்பேருன்னா டேட்டா போகத்தான்மா செய்யும்” என்றார். அப்படியானால் 500 எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பில் கையில் இருந்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாமல் போனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இப்போது சிம்மைக் கழற்றாமல் போனைக் கை மாற்றுவதில்லை. பேட்டர்ன் கேட்டால் ஏன் என்று கேட்கிறேன். புதிய சாம்சங் போன்களில் ‘மெயின்டெனன்ஸ் மோட்’ இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தால் ரிப்பேர் செய்பவருக்கு நம் படங்களும் மெசேஜ்களும் தெரியாது. என் போனில் அது இல்லை. வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனி பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன். மறந்தால் வாட்ஸ்அப் கம்பெனியாலும் திறக்க முடியாது என்பதால் அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் டைரியில் எழுதியிருக்கிறேன். மாதம் ஒருமுறை தம்பி எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, வேராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் பூட்டிவிடுகிறான். முதல் தடவை ஏற்றியதும் அதிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லி நச்சரித்தேன். திட்டிக்கொண்டே காட்டினான்.

ஆவணி பிளவுஸுக்கு எல்லோரையும் மறுபடி வரச்சொல்லி டேப் பிடித்தேன். “போன வருஷ அளவே போடு” என்று போனில் அடம்பிடித்த ஒரு அக்காவுக்கு இடுப்பு ஒன்றரை இஞ்ச் கூடியிருந்தது. இந்தத் தடவை நோட்டிலும் எழுதிக்கொண்டேன்.