வண்ணாரப்பேட்டை அச்சகத்தில் நில்ஃப்ஸ்2: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி.ரோட்டை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கும் ஒரு சிறு அச்சகத்தின் கணினிகளை நான் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஜவுளிக் கடைகள் கேட்கும் நோட்டீஸ் ஆகியவைதான் அங்கே வேலை. பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் ஓடும் நான்கு விண்டோஸ் கணினிகள் இருக்கின்றன. அவற்றின் ஃபைல்கள் எல்லாம் சாம்பா என்னும் ஃபைல் பகிர்வு மென்பொருள் வழியாக ஒரு லினக்ஸ் சர்வரில், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் வந்து சேர்கின்றன. இந்த டிஸ்க்கில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4-ஐ எடுத்துவிட்டு நில்ஃப்ஸ்2 என்னும் கோப்பு முறைமையை, அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையைப் போட்டேன். அன்றாடம் திருத்தி எழுதப்படும் ஃபைல்களுக்கு இதை நம்பிப் பயன்படுத்தலாம் என்பதே என் முடிவு. ஆனால் பழைய பிரதிகளின் இடத்தை மீட்கும் இதன் துப்புரவு நிரல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் போட்டால், எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும்.

நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணத்தை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்வது எளிது. தை முகூர்த்தங்களுக்கான வேலை நெருக்கும் நேரத்தில், ஒரு மாலை டிடிபி ஆபரேட்டர் பெண் பதறிப்போய் என்னிடம் வந்தார். "அண்ணா, பழைய பத்திரிகையைத் திறந்து பேரை மாத்திட்டு, அதுமேலேயே சேவ் பண்ணிட்டேன். அந்தப் பார்ட்டி இன்னும் முந்நூறு காப்பி கேட்டிருக்காங்க" என்றார். "எத்தனை மணிக்கு சேவ் பண்ணினேன்னு மட்டும் சொல்லும்மா" என்று கேட்டேன். நாலு மணி சுமாருக்கு என்றார். சர்வரில் எல்எஸ்சிபி கட்டளையைக் கொடுத்ததும் செக்பாயின்ட்டுகளின், அதாவது டிஸ்க் அந்தந்த நேரத்தில் இருந்த நிலையைத் தானாகவே குறித்துவைக்கும் புள்ளிகளின், எண்ணும் நேரமும் வரிசையாக வந்தன. மூன்று ஐம்பத்தெட்டுக்கு உரியதைப் பிடித்து, சிஎச்சிபி கட்டளையால் துப்புரவு தொடாத நிலையான ஸ்னாப்ஷாட்டாக மாற்றி, அந்த எண்ணைக் கொடுத்துப் படிக்க மட்டும் மவுன்ட் செய்து, பழைய ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. முந்தைய இரவின் பேக்கப்பில் தேடியிருந்தால், அன்று காலை செய்திருந்த பிழைதிருத்தங்கள் அதில் இருந்திருக்காது.

இதன் அடிப்படை எளிமையானது. இது பழைய பிளாக்கின், அதாவது தரவு எழுதப்பட்ட சிறு துண்டின், மேல் எப்போதும் எழுதுவதில்லை. மாறிய பிளாக்குகளை எல்லாம் சேர்த்துக் கட்டி, டிஸ்க்கின் காலி இடத்தில் நாட்குறிப்பைப் போலத் தொடர்ச்சியாக எழுதிக்கொண்டே போகிறது. இந்த வகைக் கோப்பு முறைமைக்கு வழி காட்டியவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்ப்ரைட் இயங்குதளத்துக்காக உழைத்த மெண்டல் ரோசன்பிளமும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும். அவர்களுடைய ஆய்வுக்கட்டுரை 1991-இல் வெளிவந்தது. நில்ஃப்ஸ் ஜப்பானின் என்டிடி தொலைத்தொடர்பு நிறுவன ஆய்வகத்தில் உருவானது. அதன் இரண்டாம் பதிப்பு 2009-இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.6.30 பதிப்பில் சேர்ந்தது.

பழையதை அழிக்காமல் எழுதிக்கொண்டே போனால் டிஸ்க் ஒரு நாள் நிரம்பித்தான் ஆக வேண்டும். ஆகவே யாருக்கும் தேவைப்படாத பிளாக்குகளின் இடத்தை மீட்பதற்குத் துப்புரவு தேவைப்படுகிறது, இந்தக் கோப்பு முறைமையின் தரம் தெரிவதும் அங்கேதான். டிஸ்க் 8 மெகாபைட் செக்மென்ட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 4 கிலோபைட் பிளாக் என்றால் ஒரு செக்மென்ட்டில் 2048 பிளாக்குகள் இருக்கும். பழைய செக்மென்ட் ஒன்றில் செத்த பிளாக்குகளும் உயிருள்ள பிளாக்குகளும் கலந்து கிடக்கும். உயிருள்ளவற்றை வேறிடத்துக்கு மாற்றினால்தான் அந்த செக்மென்ட் காலியாகும். எது உயிருள்ளது என்று முடிவு செய்யும் பொறுப்பைக் கர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு துப்புரவு நிரல் ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு பிளாக்கும் எந்த செக்பாயின்ட்டில் பிறந்து எந்த செக்பாயின்ட்டில் வழக்கொழிந்தது என்பது பதிவில் இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் பாதுகாக்க வேண்டிய செக்பாயின்ட்டோ ஸ்னாப்ஷாட்டோ ஒன்று இருந்தாலும் அந்த பிளாக்கை வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் தயாரானதும் அதைக் கர்னலிடம் ஒப்படைக்கிறது.

இனி கர்னல் அந்த பிளாக்குகளை நினைவகத்துக்குள் படித்து, சிறிது நேரம் பஃபரில் வைத்திருந்து, டிஸ்க்கின் காலி இடத்தில் புதிய பதிவாக எழுத வேண்டும். கேட்பதற்குச் சிறிய வேலையாகத் தோன்றும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபைல்களைப் படித்து நினைவகத்தில் வைத்திருக்கும் வழக்கமான பேஜ் கேஷ், ஒரு ஃபைலின் குறிப்பிட்ட இடத்துக்கு ஒரே ஒரு பிளாக்கைத்தான், அதாவது ஆகக் கடைசியாக எழுதப்பட்டதைத்தான் வைத்திருக்கும். ஆனால் அந்தப் பத்திரிகை ஃபைலின் முதல் பிளாக்குக்கு மூன்று ஐம்பத்தெட்டின் பிரதி ஒன்றும் நாலு மணிக்குப் பிந்திய பிரதி ஒன்றும் இருக்கின்றன, இரண்டுமே உயிருள்ளவை. பழைய பிரதியை வழக்கமான கேஷுக்குள் கொண்டுவந்தால் ஆபரேட்டர் இப்போது திருத்திக்கொண்டிருக்கும் பக்கத்தோடு அது மோதும். நில்ஃப்ஸ்2 இதற்காகத் தற்காலிகப் போலி ஐநோடுகளை (ஐநோடு என்பது ஒரு ஃபைலைப் பற்றிய விவரக் குறிப்பு) உருவாக்குகிறது. ஃபைலின் எண், செக்பாயின்ட்டின் எண் ஆகிய இரண்டும் சேர்ந்தே அந்தப் போலி ஐநோடுக்கு அடையாளம் ஆவதால், ஒரே ஃபைலின் இரண்டு காலத்துப் பிரதிகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, கலந்துவிடாமல் நினைவகத்தில் இருக்க முடிகிறது. ஃபைலின் தரவு பிளாக்குகள் ஃபைலுக்குள் அவை இருக்கும் இடத்தை வைத்தும், ஃபைலின் பிளாக்குகள் எங்கே என்று காட்டும் மரத்தின் கணு பிளாக்குகள் அவற்றின் மெய்நிகர் எண்ணை, அதாவது உண்மையான முகவரிக்குப் பதிலாக வரும் எண்ணை வைத்தும் அங்கே தேடப்படுகின்றன. புதிய பதிவு எழுதி முடிந்ததும் இந்த பஃபர்கள் விடுவிக்கப்படுகின்றன. காசிமேட்டில் பாதி காலியான இரண்டு ஐஸ் பெட்டிகளின் மீனை ஒரே பெட்டிக்கு மாற்றும்போது, நேற்றைய மீனை அன்று வந்திறங்கிய மீனோடு சேர்க்காமல் தனிக் கூடையில் போட்டு வைப்பது போன்ற ஒழுங்கு இது.

இடம் மாறிய பிளாக்கின் புதிய முகவரியை எல்லா செக்பாயின்ட்டுகளுக்கும் எப்படித் தெரிவிப்பது என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு செக்பாயின்ட்டின் மரத்தையும் திருத்துவதென்றால் துப்புரவு முடியவே முடியாது. ஆகவே மரங்கள் மெய்நிகர் எண்ணை மட்டுமே வைத்திருக்கின்றன. அந்த எண்ணை டிஸ்க்கின் உண்மையான முகவரியாக மாற்றும் அட்டவணை டாட் என்னும் தனி ஃபைலில் இருக்கிறது. பிளாக் நகர்ந்தால் டாட்டில் ஒரு வரி மட்டும் மாறும். இவ்வளவு நிதானமாக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு இதன் மேல் முழு நம்பிக்கை வந்தது.

பஃபருக்கு எவ்வளவு நினைவகம் பிடிக்கும் என்று ராயபுரத்தில் இதே தொழிலில் இருக்கும் நண்பர் கேட்டார். இயல்பான அமைப்பில் ஒரு முறைக்கு 2 செக்மென்ட்டுகளும், காலி இடம் குறைந்த நெருக்கடியில் 4 செக்மென்ட்டுகளும் துப்புரவாகின்றன. ஆகவே நகர்த்தப்படும் பிளாக்குகளுக்கு முறையே 16 அல்லது 32 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அதே பிளாக் வழக்கமான கேஷில் ஏற்கெனவே இருந்தாலும் துப்புரவுக்காக டிஸ்க்கிலிருந்து மறுபடியும் படிக்கப்படுகிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இந்த வீண் வாசிப்பை உணர முடிகிறது. துப்புரவு ஓடும் நேரத்தில் பெரிய கோரல்டிரா ஃபைல்கள் தாமதமாகவே திறக்கின்றன.

கரண்ட் விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. மழைக்கால இரவு ஒன்றில் யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, துப்புரவின் நடுவே சர்வர் அணைந்துவிட்டது. புதிய பதிவு முழுமையாக எழுதப்பட்ட பிறகுதான் பழைய செக்மென்ட் காலியென்று குறிக்கப்படும் என்பதால் எந்த பிளாக்கும் தொலையவில்லை. காலையில் சில விநாடிகளில் மவுன்ட் ஆனது.

இனி எனக்கு நேர்ந்த தவறு. செக்பாயின்ட்டுகளைத் துப்புரவு தொடாமல் காக்கும் காலம் இயல்பாக 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம்தான். அதிகமாகப் பாதுகாக்கலாமே என்ற ஆசையில் நான் அதை ஏழு நாளாக, 604800 என்று மாற்றினேன். தீபாவளி நோட்டீஸ் வேலையில் நூற்றுக்கணக்கான மெகாபைட் ஃபைல்கள் நாள் முழுக்கச் சேவ் ஆகிக்கொண்டே இருந்தன. பாதுகாப்பில் இருந்த எதையும் துப்புரவு நிரலால் விடுவிக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம், கடைக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, டிஸ்க்கில் இடமில்லை என்று நான்கு கணினிகளிலும் வந்தது. டிஸ்க்கை உருவாக்கும்போதே செக்மென்ட்டுகளில் 5 சதவீதம் துப்புரவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததால்தான் தப்பித்தோம். நில்ஃப்ஸ் கிளீன் கட்டளையில் பாதுகாப்புக் காலத்தைக் குறைத்துக் கொடுத்ததும் அந்த இடத்தைக் கொண்டு அது வேலையைத் தொடங்கியது, ஆனால் முழுதாக மூச்சு விடுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது பாதுகாப்புக் காலம் ஒரு நாள். அதற்கு மேல் வேண்டியதற்கு மாலை தோறும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, வாரம் கழிந்ததும் சாதாரண செக்பாயின்ட்டாக மாற்றிவிடுகிறேன்.

விலையே இல்லாமல் கிடைக்கும் இந்தப் பொருளில் விடுபட்டவையும் உண்டு. ஃபைலோடு கூடுதல் விவரம் சேர்க்கும் நீட்டித்த பண்புகள், ஆளுக்கு ஆள் அனுமதி தரும் ஏசிஎல், இட அளவை வரையறுக்கும் கோட்டா, பிழை பார்த்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே ஆகிய எதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் தனித்தனி அனுமதி வேண்டும் அலுவலகங்கள் சாம்பாவுக்குக் கீழே இதைப் போட வேண்டாம். சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் வசதியும் இல்லை.

இவற்றைவிட எனக்குப் பெரிய குறை, துப்புரவுக்கு எந்த செக்மென்ட்டை எடுப்பது என்ற முடிவில் இருக்கிறது. மிகப் பழையதை முதலில் எடு என்பதே இதன் விதி. ரோசன்பிளமும் ஆஸ்டர்ஹவுட்டும் காலியாகும் இடத்தையும் நகர்த்தும் செலவையும் எடை போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை அப்போதே சொல்லிவிட்டார்கள். 2013-இல் கர்னலில் சேர்ந்த எஃப்2எஃப்எஸ் என்னும் வேறொரு கோப்பு முறைமை பின்னணித் துப்புரவில் அதைக் கையாள்கிறது. இங்கேயோ, பல ஆண்டுகளாக யாரும் தொடாத கல்யாணப் போட்டோக்கள்தான் வயதில் மூத்தவை என்பதால் முறை முதலில் அவற்றுக்கு வந்துவிடுகிறது. மீட்கக்கூடியது 10 சதவீதத்துக்குக் குறைவு என்றால் அந்த செக்மென்ட்டை விட்டுவிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் 15 சதவீதம் செத்திருந்தால் மீதி 85-ஐயும் சுமந்து செல்லத்தான் வேண்டும். நான் சென்ற மாதம் போட்டோக்களை எல்லாம் எக்ஸ்ட்4 போட்ட வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, மாறிக்கொண்டே இருக்கும் வேலை ஃபைல்களை மட்டும் இதில் வைத்தேன். அதற்குப் பிறகு துப்புரவு ஓடும்போதும் பேஜ்மேக்கர் ஃபைல்கள் தாமதமின்றித் திறக்கின்றன, ஆபரேட்டரும் சர்வர் இழுக்கிறது என்று என்னை இதுவரை கூப்பிடவில்லை.