டேப்பெட் சத்தத்துக்கு 31,500 ரூபாய் அழுதேன்: பழைய மிலிட்டரி வண்டி வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க

போன வாரம்தான் வண்டி எஞ்சினோட மேல் பாகமான ஹெட்டைக் கழட்டினோம். அதுல இருந்து ராத்திரி தூக்கம் இல்லை. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன், ஆறிட்டா விட்டுடுவேன்.

கேரளாவுல, இடுக்கி மாவட்டம் பூப்பாறை பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். உரமும் காய்ச் சாக்கும் ஏத்த அப்பா 1994-ல, பட்டாளம் கழிச்ச வண்டிகளை விக்கிற டிஸ்போசல்ல எடுத்த நிஸ்ஸான் ஒன் டன் வண்டி இருக்கு. ஜபல்பூர்ல பட்டாளத்துக்காகவே செஞ்ச வண்டி, ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் எஞ்சின். டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்குற ராக்கருக்கும் நடுவுல விடுற மயிரிழை இடைவெளி, அதை எப்பவும் அப்பாதான் வைப்பார். அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. இந்த வருஷம் சத்தம் ஜாஸ்தியாச்சு, ஐடிலிங்ல தையல் மெஷின் மாதிரி தட்டுச்சு.

பழைய வண்டிகளுக்கு வீடு தேடி மெக்கானிக் அனுப்புற ஆப் ஒண்ணு இருக்கு. பேர் போடலை. அதுல பதிவு பண்ணினேன். மூணாம் நாள் ஒரு பையன் வந்தான், முப்பது வயசு இருக்கும்.

நான் நம்பின இடத்தைச் சொல்றேன், ஏன்னா நீங்களும் அங்கதான் நம்புவீங்க. வண்டியைப் பார்த்ததும் "ஒன் டன்னரா அண்ணே? எங்க மாமா பட்டாளத்துல இதைத்தான் ஓட்டினார்"ன்னான். கையை நல்லாத் துடைச்சுட்டுதான் எஞ்சின் மேல்மூடியான ராக்கர் கவரைத் தொட்டான். நீளமான ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் மேல வச்சு, பிடியைக் காதுல ஒட்டி, கண்ணை மூடிக் கேட்டான். அப்பா அப்படியேதான் கேட்பார். ஃபயரிங் ஆர்டரை, அதான் எந்த சிலிண்டருக்கு அப்புறம் எது வெடிக்கும்ங்கிற வரிசையை, ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலுன்னு மூச்சு விடாம சொன்னான். எங்கம்மா உள்ள போய் அவனுக்கு இலை போட்டாங்க.

ராக்கரைத் தாங்குற ராக்கர் ஷாஃப்ட் தேஞ்சுபோச்சு, ராக்கரைக் கீழ இருந்து தள்ளுற புஷ் ராடு பன்னிரண்டும் வளைஞ்சிருக்கு, புதுசு போட்டாத்தான் சத்தம் நிக்கும்னான். சாமானுக்கு 22,000, கூலி 6,500, வந்து போக 3,000. மொத்தம் 31,500. பணத்தை ஆப்லயே கட்டினேன். ஷாஃப்டையும் ராடையும் கழட்டி எடுத்துட்டுப் போனவன் ரெண்டு நாள் கழிச்சு "புதுசு"ன்னு பளபளன்னு கொண்டு வந்தான். மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, ஒவ்வொரு லாக் நட்டா விட்டு, சத்தம் அடங்குற வரைக்கும் ஸ்க்ரூவை இறுக்கிக்கிட்டே வந்தான். அந்த இடைவெளியை அளக்கிற மெல்லிசுத் தகடு, பில்லர் கேஜ், பையை விட்டு வெளியவே வரலை. நான் பக்கத்துலதான் நின்னேன். எஞ்சின் அமைதியா ஓடினதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, அப்பா இருந்த காலத்துச் சத்தம்னு நினைச்சேன்.

அப்பா சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. "லேசா டிக் டிக்னு கேட்டா பயப்படாதே. ஒண்ணுமே கேக்கலைன்னா நிறுத்திப் பாரு"ம்பார். வால்வு சூட்டுல நீளும். நீளுறதுக்கு இடம் விடத்தான் அந்த இடைவெளி. இடமே இல்லாம இறுக்கிட்டா சூடானதும் வால்வு, அது வந்து மூடுற வளையமான சீட்டுல முழுசா உட்காராது. புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டுல உட்கார்ற நேரத்துலதான் இறக்கி வைக்கும். உட்காராத வால்வு கருகும், அவ்வளவுதான்.

அப்படியேதான் ஆச்சு. காலைல குளிர்ல நல்லா ஸ்டார்ட் ஆகும், சூடானா மிஸ் அடிக்கும். பதினோராம் நாள் தமிழ்நாட்டுப் பக்கம் போடியில உரம் ஏத்திட்டு போடிமெட்டு மலைப்பாதை ஏறுறேன், பதினேழு வளைவுல பாதி கூடத் தாண்டலை, இழுவையே போச்சு. சைலன்சர்ல பட்பட்டுன்னு வெடி. கல்லு வச்சு நிறுத்தி, வேற வண்டிக்கு லோடு மாத்தி, கட்டி இழுத்து போடிக்கே இறக்கினோம்.

போடில வயசான மெக்கானிக் ஒருத்தர் ஹெட்டை இறக்கினார். "இதை எவன்யா தொட்டது?"ன்னார். மூணாவது, அஞ்சாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டும் ஓரம் கருகி, கடிச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு. புஷ் ராடைத் திருப்பிக் காட்டினார். கழட்டினா அந்தந்த ராடு அந்தந்த இடத்துக்கே போகணும்னு அப்பா ஒவ்வொண்ணுலயும் ஆணியால எண் கீறி வச்சிருந்தார். எமரி போட்டுத் தேய்ச்சும் நாலும் ஏழும் அழியலை. என் அப்பா கைப்பட்ட ராடை எனக்கே புதுசுன்னு வித்திருக்கான். 31,500 ரூபாய்க்கு!

ஆப்புக்கு போன் பண்ணினேன். மலையாளத்துல எடுத்தவங்க, நீங்க தமிழ்ல பதிவு பண்ணியிருக்கீங்க, தமிழ் லைனுக்குப் பேசுங்கன்னாங்க. தமிழ் லைன்ல, வேலை நடந்தது கேரளாவுல சார், அது எங்க ஏரியா இல்லைன்னாங்க. நாலு நாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைஞ்சேன். அப்புறம் ஒரு பொண்ணு, "ஐம்பது வருஷப் பழைய வண்டி சார், வாரன்டி வராது"ன்னுச்சு. வண்டிக்கு வாரன்டி யார் கேட்டது? போடாத சாமானுக்குப் பணம் வாங்கினதைத்தானே கேக்கறேன்! கருகின வால்வு, எண் கீறின ராடு, எல்லாம் போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்லை. கடைசில, அடுத்த சர்வீசுக்கு 500 ரூபாய் கழிவுன்னு மெசேஜ் வருது. 31,500 எங்க, 500 எங்க? அந்தப் பையன் ஒரு தடவை எடுத்து, "அண்ணே மறையூர்ல இருக்கேன், சிக்னல் இல்லை"ன்னு வச்சவன்தான். இப்ப ரிங் கூடப் போகலை.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், மனசு ஓடலை. பில்லர் கேஜ் எடுக்காம டேப்பெட் வைக்கிறவனை அந்த நிமிஷமே நிறுத்துங்க. ஆறாவது சிலிண்டர் வால்வு ரெண்டும் ஒண்ணு மூட ஒண்ணு திறக்கன்னு ஆடும்போதுதான் ஒண்ணாவதை வைக்கணும், அதுக்கு ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுத்தணும். சுத்துறானான்னு பாருங்க. கழட்டின பழைய சாமான் வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது. முழுப் பணத்தை முன்னாடியே கட்டாதீங்க.

ஹெட் லேத்துல கிடக்கு. சீட் ரெண்டும் மாத்தணுமாம், அதுக்கு எவ்வளவு ஆகும்னு இன்னும் சொல்லலை. திங்கக்கிழமை காய் எடுப்பு ஆரம்பம், சாக்கு இறக்க வண்டி கிடையாது.